வாடிய செடியும் கிழிந்த புத்தகமும்

"சாமி, இது கெழங்கோட வந்துச்சா, இல்ல இந்த மண்ணுலயே இருந்துச்சா?"

மண்சரிவினால் லயக் காம்பராவையும் அதன் பின்புறத்தில் இருந்த மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, வேறோர் இடத்தில் குடியமர்த்தப்பட்ட ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. புதிதாகக் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் அவரது குடும்பம் உருளைக்கிழங்கு நட்டிருந்தது. கையில் இருந்த விதைக்கிழங்கு மண்ணோடு போய்விட்டதால், கிடைத்த இடங்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனுக்கு வாங்கியிருந்தார்கள். செடிகள் செழிப்பாகத்தான் வளர்ந்தன. ஏழாவது வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சில செடிகள் தலை சாய்ந்தன. மாலையில் நிமிர்ந்தன. மறுநாளும் சாய்ந்தன. இலை மஞ்சளாகக்கூட மாறவில்லை. பச்சையாகவே வாடிச் செத்தன. இரண்டு வாரத்தில் பாதித் தோட்டம் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள், "நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடன் மட்டும் மிஞ்சியது.

அந்தத் தாயின் கேள்வி நியாயமான கேள்வி. நோய் விதையோடு வந்திருந்தால், பிழை விதை விற்ற இடத்தில் இருக்கிறது. மண்ணில் இருந்திருந்தால், நிலத்தைத் தெரிந்து கொடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், மழை வெள்ளமோ மண்வெட்டியோ அயல் தோட்டத்திலிருந்து கொண்டு வந்திருக்கலாம். "கவனிக்கவில்லை" என்ற ஒரு சொல்லால் இந்த மூன்றையும் மூடிவிட முடியாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழி ஒன்றை விஞ்ஞானிகள் இன்று அறிந்திருக்கிறார்கள். கிருமியின் உடலுக்குள் எழுதப்பட்டிருக்கும் "புத்தகத்தை" முழுமையாக வாசிப்பதே அந்த வழி. அதற்கு உதவும் கணனிப் படம் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோதும் வீட்டோடு விதையையும் இழந்த குடும்பங்கள் பல. புது மண்ணில் புது விதையோடு தொடங்குகிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல.

எதிரி யார்?

இந்த நோய்க்குப் பற்றீரியா வாடல் என்று பெயர். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் கிழங்கு செய்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். இதை உண்டாக்கும் கிருமியை 1896இல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்தார். இன்று அதன் பெயர் ரல்ஸ்டோனியா சொலனேசியாரம். 2014இல் விஞ்ஞானிகள் இந்தக் கூட்டத்தை ஆராய்ந்து மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். உருளைக்கிழங்கோடு தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி, வாழை ஆகியவற்றையும் இக்கூட்டத்தைச் சேர்ந்த கிருமிகள் தாக்குகின்றன.

கிருமி வேர்க் காயங்களின் வழியாக உள்ளே நுழைகிறது. செடி நீரை மேலே ஏற்றும் நுண்ணிய குழாய்களில் பெருகி, கோழை போன்ற பொருளால் அவற்றை அடைக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தால் சாவது இதனால்தான். "தண்ணீர் விடவில்லை" என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தவறானது என்பதை இங்கே கவனியுங்கள்.

இன்னொரு தந்திரமும் இதற்கு உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் ஒரு வகை குளிரைத் தாங்கக்கூடியது. குளிர்ந்த மேட்டு நிலத்தில் அது கிழங்குக்குள் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். செடியும் வாடாது, கிழங்கும் அழுகாது. அதே கிழங்கை விதையாக எடுத்துச் சற்று வெப்பமான கீழ் நிலத்தில் நட்டால் நோய் வெளிப்படும். ஆகவே கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் விதை நல்ல விதைதான் என்று உறுதி சொல்ல முடியாது. உயரமான தோட்டத்தை விட்டுத் தாழ்ந்த இடத்துக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கிருமியின் புத்தகம்

ஒவ்வோர் உயிரினத்தின் உடலிலும் அதன் அமைப்பையும் வேலைகளையும் பற்றிய குறிப்புகள் டீ.என்.ஏ. என்ற நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்து முறையில் நான்கே எழுத்துக்கள்: ஏ, டீ, ஜீ, சீ. இந்த நான்கும் மாறி மாறி வரும் ஒழுங்கில்தான் எல்லாச் செய்திகளும் அடங்கியுள்ளன. ஓர் உயிரின் முழுப் புத்தகத்தையும் மரபணுத் தொகுதி என்கிறார்கள்.

2020இல் வந்த கொரோனா வைரசின் புத்தகத்தில் ஏறக்குறைய 30,000 எழுத்துக்கள் இருந்தன. அதை நமது நாட்டிலேயே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வாசித்தார்கள். வாடல் கிருமியின் புத்தகமோ மிகப் பெரியது. பிரெஞ்சு கயானாவில் தக்காளிச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கிருமியின் புத்தகத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2002இல் முழுமையாக வெளியிட்டார்கள். அதில் 58 இலட்சம் எழுத்துக்கள் இருந்தன. பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சிட்டால் 2,900 பக்கம் வரும்.

இந்தப் புத்தகம் இரண்டு பாகங்களாக இருந்தது. ஒவ்வொரு பாகமும் ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு வளையம். பெரிய வளையத்தில் 37 இலட்சம் எழுத்து, சிறிய வளையத்தில் 21 இலட்சம் எழுத்து. தாவரத்தின் கலத்துக்குள் தன் பொருட்களை ஊசி போடுவதுபோலச் செலுத்துவதற்குக் கிருமி ஒரு கருவி வைத்திருக்கிறது. அந்தக் கருவியைச் செய்யும் குறிப்பு சிறிய வளையத்தில்தான் இருந்தது. எந்தக் குறிப்பு எந்த வளையத்தில் என்பது அறிய வேண்டிய விஷயம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கிழித்துத்தான் வாசிக்க வேண்டும்

இந்த 58 இலட்சம் எழுத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கும் இயந்திரம் இல்லை. பரவலாகப் பயன்படும் இயந்திரங்கள் ஒரு தடவையில் 100 முதல் 300 எழுத்துவரை மாத்திரமே வாசிக்கும். ஆகவே இழையைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளை வாசித்து, பிறகு ஒட்டுகிறார்கள்.

இதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தின் ஐம்பது பிரதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதையும் கண்டபடி கிழித்து ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கியாயிற்று. ஒரு பிரதி கிழிந்த இடத்தில் இன்னொன்று கிழிந்திருக்காது. எனவே ஒரு துண்டின் கடைசி வரிகள் இன்னொரு துண்டின் முதல் வரிகளாக இருக்கும். அந்த ஒற்றுமையைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் புத்தகம் திரும்பக் கிடைத்துவிடும். கோடிக்கணக்கான துண்டுகளில் இந்த வேலையைச் செய்ய மனிதரால் முடியாது, கணனி செய்யும்.

தனித்து வாழும் ஓர் உயிரின் முழுப் புத்தகத்தை இந்த முறையில் முதன்முதல் வாசித்தது 1995இல். அமெரிக்காவில் ஹீமோபிலஸ் இன்புளுவென்சே என்ற பற்றீரியாவின் 18 இலட்சம் எழுத்துக்களை வாசித்தார்கள். ஏறக்குறைய 24,000 துண்டுகளைக் கணனி 30 மணி நேரம் ஒட்டியது. ஆனால் முடிவில் ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. 140 பகுதிகள் கிடைத்தன. பகுதிகளுக்கிடையே இடைவெளிகள். அந்த இடைவெளிகளை மூடி ஒரு வளையமாக்கும் வேலையை மனிதர் கவனித்துச் செய்ய வேண்டியிருந்தது.

ஏன் இடைவெளி விழுகிறது? சில பகுதிகள் போதிய அளவு வாசிக்கப்படாமல் போகலாம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு.

பல்லவி செய்யும் குழப்பம்

நமது தோட்டங்களில் பாடப்படும் பாட்டுக்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் பல்லவி திரும்ப வரும். பாட்டைத் தாளில் எழுதிச் சிறு துண்டுகளாகக் கிழித்தால், பல்லவி மாத்திரம் உள்ள துண்டுகள் நிறையக் கிடைக்கும். முதல் அடிக்குப் பின் பல்லவி வருகிறது என்று தெரியும். ஆனால் அந்தப் பல்லவிக்குப் பின் வருவது இரண்டாம் அடியா, நான்காம் அடியா? பல்லவித் துண்டு அதைச் சொல்லாது.

கிருமியின் புத்தகத்திலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உண்டு. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவின் புத்தகம் 1997இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 5,000 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதி ஏழு இடங்களில் வருகிறது. 300 எழுத்து வாசிக்கும் இயந்திரம் 5,000 எழுத்துப் பல்லவியின் நடுவில் விழுந்தால், தான் ஏழில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கணனியும் அங்கே வந்து நின்றுவிடுகிறது; அல்லது பிழையாக ஒட்டிவிடுகிறது. நிற்பதைவிடப் பிழையாக ஒட்டுவது ஆபத்தானது.

படம் காட்டும் மென்பொருள்

இங்கேதான் கண்ணுக்குக் காட்டும் மென்பொருள் உதவிக்கு வருகிறது. கணனி எங்கே தடுமாறியது என்பதை எழுத்துக்களின் பட்டியலாகப் பார்த்தால் யாருக்கும் விளங்காது. படமாகப் பார்த்தால் விளங்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோர்டன் குழுவினர் 1998இல் 'கொன்செட்' என்ற மென்பொருளை அறிமுகம் செய்தார்கள். ஒட்டப்பட்ட துண்டுகளை அது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டியது. ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதை நிறத்தின் வெளிச்சத்தால் காட்டியது. நம்பிக்கைக்குரிய எழுத்தின் பின்னணி வெளிச்சமாகவும், சந்தேகமான எழுத்தின் பின்னணி மங்கலாகவும் தெரியும். மங்கலான இடத்தை மீண்டும் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள்.

பின்னர் 2015இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் ரயன் விக் என்பவரும் அவரது சகாக்களும் 'பண்டேஜ்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இதை யாரும் இலவசமாகப் பெறலாம்; சாதாரண மடிக்கணனியிலும் இது இயங்கும். ஒட்டப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் இது ஒரு நிறப் பட்டியாக வரைகிறது. நீளமான பகுதிக்கு நீளமான பட்டி. எந்தப் பட்டியின் முனை எந்தப் பட்டியின் முனையோடு சேரக்கூடும் என்பதைக் கோடுகளால் இணைக்கிறது. வேலை முழுமையாக முடிந்திருந்தால் திரையில் சுத்தமான வளையங்கள் தெரியும். முடியாவிட்டால், கொழுந்துக் கூடையின் கயிறு சிக்கியதுபோல நிறப்பட்டிகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அந்த முடிச்சுக்களே பல்லவிகள் இருக்கும் இடங்கள்.

ஒரு பாலம், இரண்டு பாதைகள்

முடிச்சை எப்படி அவிழ்ப்பது? மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு பிரிவுகள் உள்ள ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்வோம். நடுவில் ஓர் ஆறு. ஒரே ஒரு பாலம். மேற்பிரிவிலிருந்து வரும் பாதையும் கீழ்ப்பிரிவிலிருந்து வரும் பாதையும் அந்தப் பாலத்தில் ஏறுகின்றன. பாலத்தைத் தாண்டியதும் பாதை மறுபடி இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேற்பிரிவுக்கும் மற்றது கீழ்ப்பிரிவுக்கும் சுற்றிப் போகிறது. படத்தில் பார்த்தால் எட்டு என்ற இலக்கத்தைப்போல இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. மேற்பிரிவிலிருந்து வந்தவர் பாலத்தைக் கடந்தபின் மேற்பிரிவுக்கே சுற்றிப் போகிறாரா, கீழ்ப்பிரிவுக்குப் போகிறாரா? முதலாவது உண்மையானால் அங்கே இரண்டு தனித்தனி வளையங்கள் இருக்கின்றன. இரண்டாவது உண்மையானால் பாலத்தை இரண்டு முறை கடக்கும் ஒரே பெரிய வளையம்தான் இருக்கிறது. பாலத்தின் நடுவில் நின்று பத்து அடி தூரம் மாத்திரம் பார்க்கிறவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிறு துண்டுகளை வாசிக்கும் இயந்திரத்தின் நிலை இதுதான்.

படம் இங்கே இரண்டு உதவிகளைச் செய்கிறது. முதலாவது, பாலம் எது என்று கண்டுபிடிக்க உதவுகிறது. இரண்டு பிரிவு மக்களும் பயன்படுத்துவதால் பாலத்தில் நடமாட்டம் இரட்டிப்பாக இருக்கும். அதுபோல, புத்தகத்தில் இரண்டு இடத்தில் வரும் பகுதி இரண்டு மடங்கு தடவை வாசிக்கப்பட்டிருக்கும். மற்ற இடங்கள் 50 தடவை வாசிக்கப்பட்டால் இது ஏறக்குறைய 100 தடவை. பண்டேஜ் இந்த அளவைப் பட்டியின் தடிப்பாலும் நிறத்தாலும் காட்டுகிறது. பார்த்தவுடனே, "இது ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்த இரண்டு" என்று புரிகிறது.

இரண்டாவது, எந்த இடத்தில் மேலும் தேட வேண்டும் என்பதைச் சொல்கிறது. மேற்பிரிவிலிருந்து ஒருவரோடு கூடவே நடந்து, பாலத்தையும் தாண்டி, அவர் எந்தப் பாதையில் திரும்பினார் என்று கண்டவர் ஒருவர் கிடைத்தால் போதும். அப்படிப்பட்ட சாட்சிதான் நீண்ட துண்டு. 2011 முதல் ஆயிரக்கணக்கான எழுத்துக்களை ஒரே தொடராக வாசிக்கும் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 2014இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்று 'மினயன்' என்ற கருவியை ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்கத் தொடங்கியது. சட்டைப் பையில் வைக்கக்கூடிய, 100 கிராம்கூட நிறை இல்லாத, மடிக்கணனியில் செருகிப் பயன்படுத்தும் கருவி அது. 5,000 எழுத்துப் பல்லவிக்கு இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் முடியும் துண்டுகளை அது வாசிக்கும். ஆரம்ப காலத்தில் அதன் வாசிப்பில் எழுத்துப் பிழைகள் அதிகம் இருந்தன. எனவே பிழை குறைந்த சிறு துண்டுகளையும், பிழை இருந்தாலும் பாலம் தாண்டும் நீண்ட துண்டுகளையும் சேர்த்து ஒட்டும் முறை உருவானது. சிறு துண்டு எழுத்தைத் திருத்தும். நீண்ட துண்டு பாதையைக் காட்டும்.

இதற்கும் பிறகு சந்தேகம் இருந்தால் ஆய்வுகூடத்துக்குத் திரும்பிப் போய், அந்த இணைப்பு உள்ள பகுதியை மட்டும் பெருக்கி வாசித்து உறுதி செய்கிறார்கள். படம் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்கே விசாரிக்க வேண்டும் என்பதையே காட்டுகிறது.

வேலூரில் செய்தார்கள்

இந்த வேலை வெள்ளைக்காரர் நாடுகளில் மாத்திரம் நடப்பது என்று எண்ண வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள், நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகளின் புத்தகங்களைச் சிறு துண்டுகளையும் மினயனின் நீண்ட துண்டுகளையும் சேர்த்து முழு வளையங்களாக்கி, 2020இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

மருத்துவமனைக்கு இது ஏன் தேவை? மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைக் கொடுக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய சிறிய வளையங்களில் இருக்கின்றன. அவற்றின் இரு பக்கத்திலும் பல்லவிப் பகுதிகள் நிற்கின்றன. அரைகுறையாக ஒட்டிய புத்தகத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறது என்று தெரியும். தாவும் வளையத்தில் இருக்கிறதா, தாவாத பெரிய வளையத்தில் இருக்கிறதா என்று தெரியாது. முடிச்சை அவிழ்த்த பின்புதான் அது தெரியவரும்.

விதையா, மண்ணா?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

2003இல் அமெரிக்காவில் அழகுக்காக வளர்க்கும் ஜெரேனியம் செடிகளில் வாடல் நோய் காணப்பட்டது. கென்யாவிலிருந்து கொண்டுவந்த தண்டுகளோடு அது வந்தது என்று கண்டார்கள். உருளைக்கிழங்கைக் கெடுக்கும் அதே குளிர் தாங்கும் வகை என்பதால் அரசாங்கம் பெருந்தொகைச் செடிகளை அழிக்க வைத்தது. கென்யாவிலிருந்து வந்த ஜெரேனியத்தில் எடுத்த ஒரு கிருமியின் புத்தகம் 2006இல் வெளியானது. ஆனால் அது இடைவெளிகளோடு கூடிய முன்வரைவாகவே இருந்தது. பின்னர் உருகுவே நாட்டு உருளைக்கிழங்கில் எடுத்த அதே வகைக் கிருமியின் புத்தகத்தை நீண்ட துண்டுகளை வாசிக்கும் முறையால் இரண்டு முழு வளையங்களாக 2016இல் வெளியிட்டார்கள்.

ஒரு முழுப் புத்தகம் இருந்தால், அதே வகையைச் சேர்ந்த மற்றக் கிருமிகளை ஒவ்வொன்றாக முழுமையாக ஒட்ட வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கும் சிறு துண்டுகளை அந்த முழுப் புத்தகத்தின்மேல் பரப்பிப் பார்த்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று குறித்தால் போதும். கிருமி பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் சந்ததிக்குச் செல்லும். உங்கள் தோட்டத்துக் கிருமியும் விதை வாங்கிய தோட்டத்துக் கிருமியும் ஓரிரு எழுத்திலேயே வேறுபட்டால், அவை அண்மையில் பிரிந்த நெருங்கிய உறவு. விதையோடு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். அதற்கு மாறாக, நடப்படாத மூலையில் எடுத்த மண்ணில் உள்ள கிருமியோடு அது ஒத்திருந்தால் மண்ணே காரணம் என்று பேசலாம். புத்தகம் பிழையாக ஒட்டப்பட்டிருந்தால் இந்தக் கணக்கும் பிழைக்கும். முடிச்சவிழ்க்கும் படத்தின் பெறுமதி இதுவே.

இந்தப் படத்தால் நோய் குணமாகாது. வாடிய செடியை எழுப்பும் மருந்தும் இன்றுவரை இல்லை. பரிசோதனை செய்வதும் நம் கையில் இல்லை. அது ஆய்வுகூடங்களின் வேலை. ஆனால் ஆய்வுகூடத்துக்குத் தேவையான பாதித் தகவல் நம்மிடம்தான் இருக்கிறது. எந்த விதை, எவரிடம் வாங்கியது, எந்த வரியில் நட்டது, எந்த நாளில் வாடியது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது.

நாம் இன்றே செய்யக்கூடியவை

1. தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையை எடுங்கள். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, வெட்டிய முனை நீருக்குள் இருக்குமாறு அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். இதைச் சாட்சிகளுக்கு முன் செய்து காட்டுங்கள். "தண்ணீர் விடவில்லை" என்பவருக்கு இதுவே பதில்.

2. கிழங்கை வெட்டிப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தாலோ, அழுத்தும்போது அதிலிருந்து வெண்மையான கோழை வந்தாலோ, கண்களில் மண் ஒட்டிப் பிடித்திருந்தாலோ அந்தக் குவியலில் ஒன்றையும் விதைக்கு வைக்காதீர்கள்.

3. அத்தாட்சி பெற்ற விதைக்கிழங்கையே வாங்க முயலுங்கள். தனிக் குடும்பத்துக்கு அது விலை அதிகம். பல குடும்பங்கள் சேர்ந்து சங்கமாக வாங்கலாம். விவசாயப் போதனாசிரியரின் மூலமாக சீதாஎலிய ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

4. பல இடத்து விதையைக் கலந்து நடாதீர்கள். ஒவ்வோர் இடத்து விதைக்கும் தனி வரி ஒதுக்கித் தடி நட்டு அடையாளம் வையுங்கள். விதைக்கிழங்கை வெட்டி நடுவதைத் தவிருங்கள். ஒரு கத்தி பத்துக் கிழங்குக்கு நோயைக் கொடுக்கும்.

5. வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் அகற்றுங்கள். அதை வாய்க்காலில் எறியாதீர்கள். மேல் தோட்டத்து நீர் கீழ்த் தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகும். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிய பின்பே அடுத்த பாத்திக்குள் போங்கள்.

6. நோய் கண்ட நிலத்தில் கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை அடுத்தடுத்து நடாதீர்கள். கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி என்று மாற்றுங்கள். தானாக முளைக்கும் கிழங்குச் செடிகளையும் மணத்தக்காளியையும் பிடுங்கிவிடுங்கள். கிருமி அவற்றில் ஒளிந்திருக்கும்.

7. ஒரு கொப்பி வையுங்கள். விதை வாங்கிய திகதி, இடம், நிறை, விலை, நட்ட வரி, முதல் வாடல் கண்ட நாள், அகற்றிய செடிகளின் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதை எழுதலாம்.

புதுக் குடியிருப்புக்கு நிலம் ஒதுக்கப்படும்போது வீட்டுக்கு ஏற்ற மண்ணா என்று மாத்திரம் பார்க்கிறார்கள். பயிருக்கு ஏற்ற மண்ணா, அதில் வாடல் கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்துத் தரும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒருவர் கேட்டால் காதில் விழாது. குடியிருப்பு முழுவதும் எழுத்தில் கேட்டால் விழும்.

கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் அன்று என்னால் உறுதியான பதில் எதையும் சொல்ல முடியவில்லை. வாடிய செடிகள் ஏற்கனவே எரிக்கப்பட்டுவிட்டன. எந்த வரியில் எந்த விதை என்பதும் எவருக்கும் நினைவில்லை. அடுத்த போகத்தில் அவர் கிழங்கு நடவில்லை. போஞ்சியும் லீக்ஸும் போட்டார். கிழங்குக்குத் திரும்பியபோது மூன்று வரி, மூன்று தடி, ஒரு கொப்பி. முதல் பக்கத்தில் அவருடைய மகள் எழுதியிருந்தாள்: விதை எங்கிருந்து வந்தது, எத்தனை கிலோ, என்ன விலை. இனி அந்தக் கேள்வியை அவர் எந்த அலுவலகத்தில் கேட்டாலும், கையில் கொப்பியோடு கேட்பார்.